புரோப்பேனோடு சேர்த்தது

“அக்கா, அந்த ஆபீசுல உங்களுக்குச் சம்பளம் கொடுக்கறாங்களே, அது எதுக்குன்னு இன்னிக்காவது சொல்லிடுங்க” என்று கேட்டான் பெர்திபெக்.

“எண்ணெய்க்குள்ள யார் யார் இருக்காங்கன்னு பிரிச்சுப் பேர் எழுதறதுக்கு” என்றேன்.

“இதுக்கா ஹீட்டர் போட்ட ரூமு, சுத்தற நாற்காலி? நான் தொட்டி மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்தாப் போதும். உள்ள இருக்கறவங்களோட ஏழு தலைமுறைப் பாட்டன் பேரையும் சேர்த்துச் சொல்லிடுவேன்.”

“மூக்கு ஏமாத்தும் மாப்பிள்ளை.”

“என் மூக்கு ஏமாத்தாது. உங்க தங்கச்சி சமைக்கறதை மூணு தெரு தள்ளியே கண்டுபிடிச்சிடும்.”

“கண்டுபிடிச்சு என்ன பண்ணும்? அங்கேயே திரும்பி வேற தெருவுக்கு ஓடும்” என்றாள் சமையலறையிலிருந்து என் தங்கை அக்மரால்.

இதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம், எங்களுக்குள் எந்தப் பகையும் இருந்ததில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். அன்று என் நாற்பத்து மூன்றாவது பிறந்தநாள். டிசம்பர் பதினொன்று. என் வீட்டில் நாங்கள் மூன்று பேர் மட்டும். நடுவில் ஆட்டுக்கறித் தட்டு. நெஞ்சுக்கறியை நானே எடுத்துப் பெர்திபெக் முன்னால் வைத்திருந்தேன், ஏனென்றால் அது மாப்பிள்ளைக்கு உரியது. அவன் என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். ஆலையில் அவன் தொட்டிகளின் மேல் ஏறி எண்ணெயை அளந்து சாம்பிள் எடுப்பவன். நான் அதே ஆலையின் கணக்கீட்டுப் பிரிவுத் தலைவி.

என் வேலையை அவனுக்கு அந்தத் தட்டை வைத்தே விளக்கினேன். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன், புரியும். நம் தட்டில் ஒவ்வோர் எலும்புக்கும் ஒரு பெயர் உண்டு, ஓர் உரிமைக்காரர் உண்டு. தலை பெரியவருக்கு. இடுப்பெலும்பு சம்பந்திக்கு. மாற்றி வைத்தால் விருந்தாளி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். ஆனால் கொத்திய கறிக்குப் பெயர் கிடையாது, சமமாகப் பங்கு போட்டால் போதும். எண்ணெயும் அப்படித்தான். மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன் என்று மேலே கிளம்பும் லேசான வாயுக்கள் பெயருள்ள துண்டுகள். கீழே கிடக்கும் கனமான எண்ணெயில் ஆயிரக்கணக்கான பொருள்கள் கலந்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட யாராலும் ஆகாது. எந்தச் சூட்டில் கொதிக்கிறது என்பதை மட்டும் பார்த்து இருபது, இருபத்தைந்து துண்டுகளாக வெட்டுவோம். ஒவ்வொரு துண்டையும் ஒரே பொருள் என்று பாவித்து அதற்கு ஓர் எண் கொடுப்போம். அப்படி ஒரு பொருள் உலகத்தில் எங்கும் இல்லை. ஆனாலும் இந்தப் பட்டியலை மென்பொருளுக்குள் கொடுத்தால், முழு ஆலையும் கணினிக்குள் ஓடும். எந்தக் குழாயில் எவ்வளவு போகும், எந்தத் தொட்டியின் மேல் எந்த வாயு நிற்கும் என்று அது சொல்லிவிடும்.

“இல்லாத ஆளுக்குப் பேர் வைக்கிறீங்க” என்றான் பெர்திபெக். “எங்க தாத்தா காலத்துக் கூட்டுப்பண்ணையில இப்படித்தான் இல்லாத ஆட்டுக்கெல்லாம் பேர் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினாங்களாம்.”

நான் சிரித்தேன். அவன் சொல்வதற்கெல்லாம் சிரிப்பு வரும். அம்மா இறந்தபோது அக்மராலுக்குப் பதினோரு வயது, எனக்கு இருபது. அவளை நான்தான் வளர்த்தேன். என் கல்யாணம் இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. அதற்கு அவளை ஒரு காரணமாக நான் என்றும் சொன்னதில்லை. பெர்திபெக் அவளைப் பார்க்க வரத் தொடங்கிய குளிர்காலத்தில், எங்கள் ஊரான கராசோரின் பேருந்து நிறுத்தத்தில் தொப்பி இல்லாமல் நிற்பான். காது இரண்டும் பீட்ரூட் நிறத்தில் இருக்கும். அவன் முடி அழகாக இருக்கிறது என்று அவள் ஒரு முறை சொல்லிவிட்டாளாம். அவ்வளவுதான். செய்தித்தாளில் சுற்றிய உப்புமீனைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, “லஞ்சம் அக்கா” என்பான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. தேடாமல் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பெயருள்ள துண்டுகளில் ஒன்று ஹைட்ரஜன் சல்ஃபைடு. எங்கள் பக்கத்து எண்ணெயோடு அது கூடவே பிறந்தது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை போல நாறும். அதிகமாக இருந்தால் நாற்றமே தெரியாது. அது முதலில் கொல்வது மூக்கைத்தான். அதன் பிறகு ஒன்றிரண்டு மூச்சுக்குத்தான் ஆள் தாங்குவான். ஆலையில் வேலைக்குச் சேரும் எவருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். நானே பல வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அந்த நவம்பரில், ஆறாம் எண் தொட்டிக்கு ஒரு புதிய குழாய் இணைத்தார்கள். அது மிச்சம் மீதி எண்ணெயெல்லாம் வந்து சேரும் தொட்டி. குளிர்காலத்தில் வாயு சரியாகப் பிரியாத எண்ணெயையும் இனி அதற்கே அனுப்புவதாகத் திட்டம். அனுப்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட வேண்டியது என் வேலை. அடுத்த திங்கட்கிழமை தலைநகரத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. கணக்கு சரியாக வந்தால் இந்தத் திட்டம் எங்கள் பிரிவிடம் இருக்கும். இல்லாவிட்டால் தலைநகரத்துப் பிரிவுக்குப் போய்விடும்.

கணக்கு முடியவில்லை. மென்பொருள் ஒரு விடையைப் பிடித்துக்கொண்டு அதைத் திருத்தித் திருத்திச் சரியான விடைக்கு நெருங்க வேண்டும். எங்களுடையது நெருங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. திரையில் ஆறாம் தொட்டி சிவப்பாகவே நின்றது. கடுங்குளிர், தண்ணீர், ஹைட்ரஜன் சல்ஃபைடு மூன்றும் ஒன்றாகச் சேரும்போது இப்படி நடப்பது உண்டு. நான்கு நாள் பார்த்தேன். வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டுக்கு எல்லோரும் கீழே போன பிறகு, ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். அதன் அளவைப் புரோப்பேனோடு சேர்த்தேன்.

இது எங்கள் தொழிலில் யாரும் செய்யாத காரியம் இல்லை. அளவு குறைந்த பொருளை, கொதிநிலையில் அதற்குப் பக்கத்தில் இருப்பதோடு சேர்த்துவிடுவோம். வரிசையில் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது புரோப்பேன். சல்ஃபைடை எழுப்பிவிட்டு, அதன் பங்கைப் புரோப்பேனின் தட்டில் வைத்தேன். மொத்தக் கூட்டல் மாறவில்லை. மூன்றாவது தசமம்வரை சரியாக இருந்தது. ஆறாம் தொட்டி பச்சையானது. நான் கீழே போய் சூப் குடித்தேன். அன்று நல்ல பசி.

திங்கட்கிழமை எல்லாம் நன்றாக நடந்தது. என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நடைமுறை இருக்கிறது. கணக்கின் முடிவிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு தாள் அச்சாகி வரும். தொட்டியின் மேல் எந்த வாயு நிற்கிறது, மேலே ஏறுபவன் காற்றுச் சிலிண்டரோடு முகமூடி போட வேண்டுமா வேண்டாமா என்று அதில் இருக்கும். அதை நான் கையெழுத்திட்டு அனுப்புவேன். தொட்டியின் படிக்கட்டுக்குக் கீழே ஓர் இரும்புப் பெட்டியில் அதை வைத்திருப்பார்கள். ஏறுபவன் படித்துவிட்டு ஏறுவான். ஆறாம் தொட்டியின் புதிய தாளில், முகமூடி தேவையில்லை என்று வந்திருந்தது. டிசம்பர் இரண்டாம் தேதி கையெழுத்துப் போட்டேன்.

மென்பொருளில் செய்த மாற்றத்தைத் திரும்ப எடுக்க மறந்துவிட்டேன் என்று சென்ற வாரம் உங்கள் உதவியாளரிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். மறக்கவில்லை. கையெழுத்துப் போடும்போது அந்த வரியைப் படித்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். அதை மாற்றினால், திங்கட்கிழமை காட்டிய கணக்கு தவறு என்று இயக்குநரிடம் போய்ச் சொல்ல வேண்டும். பாராட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆறாம் தொட்டியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் ஆள் ஏறுவார்கள். எல்லா நாளும் காற்று அடிக்கும் ஊர் இது. பிப்ரவரியில் கணக்கைப் புதுப்பிக்கும்போது சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

யார் ஏறுவார்கள் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். சாம்பிள் எடுப்பவர்கள் எங்கள் ஆலையில் மொத்தம் ஆறு பேர்.

பிறந்தநாள் பேச்சை நான் உங்களுக்கு முழுவதும் சொல்லவில்லை. கறி முடிந்து, அக்மரால் தேநீருக்குப் பால் சுட வைக்கப் போன பிறகு, பெர்திபெக் குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டான்.

“அக்கா, ஆறாம் தொட்டித் தாள் நீங்க போட்டதுதானே?”

“ஆமாம். ஏன்?”

“போன வாரம் மூடியைத் திறந்தப்போ முட்டை நாத்தம் லேசா வந்துச்சு. அப்புறம் ஒண்ணும் தெரியல. கொஞ்சம் தலை சுத்தல். தாள்ல முகமூடி வேண்டாம்னு இருக்கு. எங்க சீனியர் விக்தர் பெத்ரோவிச்சைக் கேட்டேன், உங்க அக்கா படிச்சவங்க, அவங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னாரு. சரிதானே அக்கா?”

நாற்றம் வந்து, பிறகு தெரியாமல் போனது என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் நான்தான்.

“சரிதான் மாப்பிள்ளை” என்றேன். “பழைய எண்ணெயோட வாடையா இருக்கும். ராத்திரி சரியாத் தூங்கினியா?”

“உங்க தங்கச்சி எங்க தூங்க விடறா. குறட்டை விடறேன்னு உதைக்கிறா” என்றான். அவன் முகம் தெளிந்துவிட்டது. அவனுக்கு அது போதுமாக இருந்தது. அக்மரால் தேநீரோடு வந்து, “என்ன ரகசியம்?” என்றாள். “ஆபீஸ் விஷயம்” என்றேன்.

இந்த இடத்தைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

ஜனவரி ஒன்பதாம் தேதி காலை எட்டரை மணிக்கு அவன் ஆறாம் தொட்டியில் ஏறினான். அன்று காற்றே இல்லை. மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. கீழே நின்றிருந்தவர் விக்தர் பெத்ரோவிச். மூடி திறக்கும் சத்தம் கேட்டதாகவும், பிறகு சாம்பிள் குப்பி படியில் உருண்டு வரும் சத்தம் கேட்டதாகவும் சொன்னார். அவர் பழைய ஆள். மேலே ஓடவில்லை. போய் முகமூடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து ஏறினார். அதனால் அவர் பிழைத்தார். பெர்திபெக் மூடிக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்திருக்கிறான். முப்பத்திரண்டு வயது.

எனக்கு எட்டு ஐம்பதுக்குத் தொலைபேசி வந்தது. அக்மராலின் பள்ளிக்கூடம் என் ஆபீசிலிருந்து பத்து நிமிட நடை. அவள் ஐந்தாம் வகுப்புக்குப் புவியியல் நடத்திக்கொண்டிருந்திருப்பாள். நான் அவளிடம்தான் முதலில் போயிருக்க வேண்டும்.

நான் கதவைச் சாத்திக்கொண்டு கணினியைத் திறந்தேன். ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பட்டியலில் திரும்பச் சேர்த்தேன். தொடக்க விடையை மட்டும் கொஞ்சம் மாற்றிக் கொடுத்து ஓட்டினேன். கணக்கு முடிந்துவிட்டது. இருபது நிமிடம். நவம்பரில் நான்கு நாள் முடியாதது இருபது நிமிடத்தில் பச்சையானது. தொடக்க விடையை மாற்றிப் பார்க்க வேண்டும் என்று முதல் வருட மாணவனுக்குக்கூடத் தெரியும். எனக்கு அன்று நிதானம் இல்லை.

உங்களுக்கு எது பெரிய குற்றமாகத் தோன்றுகிறதோ எனக்குத் தெரியாது. எனக்குக் கூச்சமாக இருப்பது இந்த இருபது நிமிடம்தான். குளிக்கும்போது நினைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன்.

புதிய தாள் அச்சானது. முகமூடி கட்டாயம் என்று வந்தது. டிசம்பர் இரண்டு என்று பழைய தேதியையே போட்டுக் கையெழுத்திட்டேன். பாதுகாப்புப் பிரிவு ஆட்களோடு நானும் தொட்டிக்குப் போனேன். எந்த வாயு என்று அவர்களுக்குச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரும்புப் பெட்டியைத் திறந்து தாளை மாற்றினேன். கையுறையோடு மாற்ற வரவில்லை. கழற்ற வேண்டியிருந்தது. குளிரில் உறைந்திருந்த இரும்பில் விரல் ஒட்டிக் கொஞ்சம் தோல் போனது. பிறகு அக்மராலிடம் போனேன். அதற்குள் யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். என் விரலில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, அந்த நேரத்திலும், “அக்கா, கையில என்ன?” என்று கேட்டாள்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். விக்தர் பெத்ரோவிச், தாளில் முகமூடி வேண்டாம் என்று இருந்ததாகச் சொன்னார். பெட்டியிலிருந்து எடுத்த தாளை அவரிடம் நீட்டினார்கள். அவர் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். கடைசியில், “கண்ணாடி போடாம படிச்சிருப்பேன் போல” என்றார். முப்பது வருட வேலை. அந்த மாதமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

என்னிடம் தாளைப் பற்றிக் கேட்டார்கள். என் கையெழுத்துதான் என்றேன். பிறகு, இறந்தவர் எப்படிப்பட்டவர், குடும்பத்தில் ஒருவர் என்ற முறையில் சொல்லுங்கள் என்றார்கள். நான் நல்லவிதமாகவே சொன்னேன். “தங்கமான பையன். எப்பவும் விளையாட்டுத்தான், எதையும் பெரிசா எடுத்துக்க மாட்டான்” என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். அந்த அழுகை பொய்யில்லை. அறிக்கையில் அதை, ‘எதையும் தீவிரமாக எடுத்துக்கொள்ளாத இயல்புடையவர் என்று அவரது குடும்பத்தினரே தெரிவித்தனர்’ என்று எழுதினார்கள். முடிவு, தொழிலாளியின் சொந்த அஜாக்கிரதை.

அக்மரால் அந்த அறிக்கையைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தாள். அதுவரை வெள்ளிக்கிழமைதோறும் அவன் பேரில் ஏழு ரொட்டி சுட்டு அக்கம்பக்கத்தில் கொடுத்துவந்தவள், அந்த வெள்ளிக்கிழமை அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

“மாவு தீந்துடுச்சா?” என்று கேட்டேன்.

“மாவு இருக்கு” என்றாள். “முகமூடி போட அஞ்சு நிமிஷம் ஆகும்னு சொன்னியே அக்கா. அந்த அஞ்சு நிமிஷம்கூட நான் அவனுக்குப் பெறாமப் போயிட்டேன்.”

“அப்படிச் சொல்லாத.”

“வேற எப்படிச் சொல்றது? பஸ் ஸ்டாப்புல தொப்பி இல்லாம நின்னானே, அது எனக்காகன்னு நினைச்சேன். அது எனக்காக இல்ல. அவன் ஆளே அப்படித்தான். தலைக்குத் தொப்பி போடாதவன், மூஞ்சிக்கு முகமூடியா போடுவான்.”

அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். “விடு” என்றேன். “விட்டுடு கண்ணு” என்றேன்.

அவள் ஆண்டு நினைவு விருந்து வைக்கவில்லை. அவன் வீட்டார் தாங்களே வைத்து இவளைக் கூப்பிட்டார்கள். இவள் போகவில்லை. கல்யாணப் படத்தை அலமாரியின் மேலே திருப்பி வைத்தாள். வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்துவிட்டாள். சிறு வயதில் படுத்த அதே அறை. மாலையில் நான் வரும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்கும். தேநீர் தயாராக இருக்கும். எனக்குப் பிடித்த மாதிரி முதலில் பால் ஊற்றி, பிறகு டிகாக்ஷன். இரண்டு தட்டு வைத்துச் சாப்பிடுவோம். இந்த மூன்று வருடத்தில் நான் மருத்துவரிடம் போனதில்லை, தலைவலி வந்ததில்லை, எடைகூடக் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவளுக்கு இன்னொரு கல்யாணம் பேசலாம் என்று இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நல்ல மனிதர், கால்நடை மருத்துவர். “ஒருத்தன் மேல வச்ச நம்பிக்கையே எனக்கு ஆயுசுக்கும் போதும்” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. அவள் மனம் ஆறட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று நம்புகிறேன்.

நானாகவே வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். மென்பொருளின் பழைய கோப்புகள் எல்லாம் தேதியோடு வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்கின்றன, கணினிகளை மாற்றும்போது அவை கிடைத்துவிட்டன என்று சென்ற வாரம் திங்கட்கிழமை ஆலையில் பேசிக்கொண்டார்கள். நான் செவ்வாய்க்கிழமை உங்கள் உதவியாளரிடம் வந்தேன்.

ஆக, சுருக்கமாக இப்படி எழுதலாம். ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பட்டியலிலிருந்து எடுத்தது நான். அது தெரிந்தே தாளில் கையெழுத்திட்டது நான். அவன் என் வீட்டில், என் கையால் சாப்பிட்டுவிட்டு நேருக்கு நேர் கேட்டபோது சரிதான் என்று சொன்னதும் நான். தாளை மாற்றியது, விக்தர் பெத்ரோவிச்சைத் தன் கண்களையே நம்பாமல் செய்தது, பெர்திபெக்கைப் பொறுப்பில்லாதவன் என்று எழுத வைத்தது எல்லாம் நான்தான். பெர்திபெக் தாளைப் படித்துவிட்டு, தாள் சொன்னபடி செய்தான். சந்தேகம் வந்தபோது கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டான். அவன் ஒரு தவறும் செய்யவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்திடுகிறேன். தண்டனையைக் குறைக்கச் சொல்லி எதுவும் கேட்க மாட்டேன்.

ஒரே ஒரு விண்ணப்பம் உண்டு. மூன்று வருடமாக மனதுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். யாரிடம் கேட்பது என்று தெரியாததால் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வெளியே நடைபாதை பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மடியில் என் கோட்டு, பக்கத்தில் தேநீர்க் குடுவை. அதுதான் அக்மரால். நிபுணர் என்ற முறையில் என்னிடம் ஏதோ விளக்கம் கேட்கக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் களைத்துப்போவேன் என்று பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள்.

நீங்களே அவளை உள்ளே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் தாளைப் படித்துவிட்டுத்தான் ஏறினான், அவளை மறந்துவிட்டு ஏறவில்லை என்று சொல்லுங்கள். அவளுக்கு அது கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். அவள் அழுவாள், அழட்டும். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் அந்தத் தாளை எழுதியது யார் என்று கேட்பாள். கட்டாயம் கேட்பாள்.

கணினி எழுதியது என்று சொல்லிவிடுங்கள்.